பிடிக் கம்பில் நடந்த வீடு

குடியை விட நினைக்கிற ஆண்கள் வந்து தங்குவதற்கென்று தாராபுரத்துக்கு வெளியே மிஷன் ஒரு வீடு வைத்திருந்தது. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் குடிகாரன் பங்களா. மதுவிலக்குச் சட்டம் எங்கள் ஜில்லாவுக்கு வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு அந்த வீட்டைக் கட்டி மேய்த்தவள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. அன்றைக்குக் கூச்சப்பட்டிருந்தால் வீட்டுக்குப் பூட்டுத் தொங்கியிருக்கும்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். கணவர் போய்விட்டார், பிள்ளை குட்டியும் இல்லை. பள்ளிக்கூடத்து முரட்டுப் பையன்களை நான் அடக்குவதைப் பார்த்த மிஷன் வெள்ளைக்காரத் துரை, இந்த வீட்டையும் என் பொறுப்பில் விட்டார். பையன்களுக்கும் குடிகாரர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பையன்கள் பாடத்தை மறப்பார்கள், இவர்கள் சத்தியத்தை மறப்பார்கள். இரண்டு பேரையுமே திட்டலாம், ஆனால் வெறுக்கக் கூடாது. அது எனக்குக் கை வந்த வேலை.

வருகிறவர்கள் பெரும்பாலும் கூலி வேலை செய்கிறவர்கள். மனைவி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவாள், அல்லது சபையார் பிடித்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள். இரண்டு மூன்று மாதம் தங்குவார்கள். காலையில் ஜெபம், பகலில் தோட்ட வேலை, சாயங்காலம் பாட்டு. மூன்று வேளையும் அரிசிச் சோறு. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் சீமையிலிருந்து வரும் பணத்தில் சந்தையில் வாங்குவது. சீமையில் வியாபாரம் படுத்து, அங்கத்துச் சபைகளில் காணிக்கை குறைந்தபோது இங்கே எங்கள் அடுப்பும் மங்க ஆரம்பித்தது. ஓர் ஆடி மாதக் காற்றில் துரையும் துரைசானியும் ஊருக்குத் திரும்பினார்கள். வீட்டை என்ன செய்வதென்று தீர்மானிக்க வேண்டியது கோயமுத்தூரில் இருந்த மிஷன் கமிட்டி.

கமிட்டிக்குத் தலைவர் ஒரு வக்கீல் ஐயா. அவர் வீடு உக்கடத்துக் குளக்கரைப் பக்கம் இருந்தது. என்னை அங்கே வரச் சொல்லியிருந்தார். நல்ல மனுஷர், கைச் செலவுக்கு வைத்திருப்பதைக்கூட ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். ஆனால் சட்டம் படித்த பலருக்கு உள்ள ஒரு வியாதி அவருக்கும் உண்டு. எது குற்றம் இல்லையோ அதெல்லாம் சரிதான் என்று நினைப்பார்.

எங்கள் தோட்டத்து வேலியோரம் ஒரு வரிசைப் பனைமரங்கள் நின்றன. அவற்றைக் கள்ளுக்குக் குத்தகை கேட்டு, அந்தப் பக்கத்துக் கள்ளுக்கடைகளை ஏலம் எடுத்திருந்த கான்ட்ராக்டர் கமிட்டிக்கு ஆள் அனுப்பியிருந்தார். அவர் தருவதாகச் சொன்ன பணம் வீட்டை வருஷம் முழுவதும் ஓட்டப் போதும். பனைமரங்களையே ஆண்டவர் அனுப்பிய உதவியாகக் கமிட்டி எடுத்துக்கொண்டுவிட்டது.

"டீச்சர், நாம் குத்தகைக்கு விடுவது மரத்தை. அதில் அவர் என்ன கட்டி இறக்குகிறார் என்பது அவர் பாடு" என்றார் வக்கீல் ஐயா.

"கட்டுவது கள்ளுப் பானை ஐயா. காலையில் ஜெபத்துக்கு உட்காருகிறவர்கள் ஜன்னல் வழியாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்."

"அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடலாமே" என்றார் கமிட்டியில் இருந்த இன்னொரு பெரியவர். அவர் கேலி பேசவில்லை. மனப்பூர்வமாக யோசனைதான் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். அன்று மிகவும் தணிந்திருந்தது. "கள்ளுக் காசில் சோறு போட்டுவிட்டுக் கள்ளை விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதற்கு வேறு ஆளைப் பாருங்கள்" என்றேன்.

வக்கீல் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "தை மாதத்து அறுப்புப் பண்டிகை வரைக்கும் கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம். அதற்குள் இந்த வீடு தன் சோற்றைத் தானே தேடிக்கொள்ளும் என்று காட்டுங்கள். முடியாவிட்டால் குத்தகைக்குக் கையெழுத்துப் போடுவேன். அதுவும் கூடாது என்றால் வீட்டைப் பூட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை" என்றார். நியாயமான பேச்சுத்தான். ஒப்புக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் புழுதியைத் தின்றுகொண்டே ஒரே விஷயத்தை யோசித்தேன். ஒருவன் குடியை விட்டால் லாபம் யாருக்கு? சீமையில் இருக்கிற புண்ணியவான்களுக்கு இல்லை, கமிட்டிக்கும் இல்லை. அடி வாங்காமல் தூங்கப் போகிற மனைவிக்குத்தான். அந்தப் பெண்களிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. ஏழைகள், பாவம் என்று ஒதுக்கிவைத்திருந்தோம். அந்தப் பாவம் பார்க்கிறதை நிறுத்துவதென்று பல்லடம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் சபைகளில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. சோற்றுக்கு அரிசி அளக்கும்போது வீட்டுப் பெண் ஒரு ஜெபம் சொல்லி, ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்கு வரும். வீட்டில் தங்கியிருப்பவர்கள், தங்கிப் போனவர்கள் எல்லோருடைய மனைவிமார்களையும் கூப்பிட்டு ஆளுக்கொரு கலயம் கொடுத்தேன். இந்தப் பிடி அரிசி வீட்டுக்கு, உங்கள் ஆட்கள் சாப்பிடுவதற்கு என்றேன். "ஆகட்டுங்க டீச்சரம்மா" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் பக்கத்து மரியாதையில் ஒரு தொல்லை உண்டு. முடியாது என்பதையும் ஆகட்டுங்க என்றுதான் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பாதிக் கலயங்கள் வரவே இல்லை. வந்தவற்றில் அடியை மூடும் அளவுக்குக்கூட அரிசி இல்லை. எனக்கு உச்சந்தலை சூடேறியது. இவர்கள் புருஷன்மாருக்கு நான் மாரடிப்பது, ஒரு பிடி அரிசிக்கு இவர்களுக்கு மனசு வராதா என்று கறுவிக்கொண்டு, ஒரு நாள் உச்சி வெயிலில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் போனது, அப்போது எங்களிடம் தங்கியிருந்த ஒருவருடைய வீட்டுக்கு. அவர் பண்ணையத்தில் கவலை ஓட்டுகிறவர், அதாவது கிணற்று மேட்டில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிறவர். எங்கள் வீட்டுக்கு அது இரண்டாம் தடவை. முதல் தடவை திருந்திப் போய், ஒரு நோம்பிப் பண்டிகை நாளில் மறுபடி விழுந்தவர். நான் போனபோது அவர் மனைவி குடிசைக்குள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பானையில் கம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் வாசலில் நிற்பது தெரியாமல், பக்கத்தில் இருந்த துணி முடிச்சை அவிழ்த்தாள். அதில் கொஞ்சம் அரிசி. கண்ணை மூடி ஜெபம் சொல்லி, அதில் ஒரு சின்னப் பிடி எடுத்து என் கலயத்தில் போட்டுவிட்டு முடிச்சை மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"அம்மணி, ஏது இந்த அரிசி?" என்றேன்.

பதறி எழுந்தாள். "வாங்க டீச்சரம்மா. கடையில வாங்குனதுங்க."

"எதுக்கு?"

"நீங்கதானுங்க பிடி அரிசி போடச் சொன்னீங்க."

"நீ சமைக்கிறது கம்பாச்சே?"

"நாங்க என்னைக்கும் கம்புதானுங்க. அரிசி நோம்பிக்குத்தானுங்க காச்சுவோம்."

"அப்புறம் கம்பையே ஒரு பிடி போடறதுக்கு என்ன?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். படித்தவள் இப்படிக் கேட்கலாமா என்கிற பார்வை. "கம்பைக் கொண்டாந்து சாமிக்கு முன்னால வெக்கறதுங்களா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. குடையை மூடிவிட்டு அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிடி அரிசி வழக்கம் நெல் விளைகிற ஜில்லாக்களிலிருந்து எங்களுக்கு வந்தது. நானோ கொடுமுடிக்காரி, காவிரித் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்தவள். போதகர்கள், கமிட்டிக்காரர்கள் எல்லோருமே சோற்றுக்காரர்கள். கம்பு தின்கிற சனங்களிடம் போய் அரிசி கேட்கிறோமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இல்லாத பெண்கள் கலயத்தைக் கொண்டுவர வெட்கப்பட்டு ஒளித்துவைத்திருந்தார்கள். இவள் காசு கொடுத்து அரிசி வாங்கி, தானும் தின்னாமல், அதைப் பிடி பிடியாக எங்களுக்குப் படியளந்துகொண்டிருந்தாள்.

"ஊட்டைப் பூட்டப் போறாங்கன்னு பேசிக்கறாங்களே, நெசமுங்களா?" என்று கேட்டாள் அவள். "பூட்டிப்போட்டா அவிங்களை நான் எங்கீங்க கூட்டீட்டுப் போவேன்? இன்னொருக்கா உளுந்தா எந்திரிக்க மாட்டாங்க."

"பூட்ட மாட்டாங்க. நீ கம்பைப் போடு. மத்தவங்ககிட்டயும் சொல்லு. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன். அந்தத் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியாது. ஆனால் வந்த தைரியம் போகவில்லை.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குள் கம்பு வந்தது. அதற்கடுத்த ஞாயிறு சோளம், ராகி, கொள்ளுகூட வந்தது. பீடத்துக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் குவிந்து கிடந்ததைப் பார்த்துப் போதகர் முகம் சுளித்தார். "ஆண்டவர் பிறந்த நாட்டில் ஏது ஐயா நெல் வயல்?" என்றேன். அவர் ஜெபத்துக்குப் புத்தகத்தை விரித்தார். நான் மூங்கிலில் பின்னிச் சாணி மெழுகின பெரிய தொம்பை ஒன்றைச் சந்தையில் வாங்கி, வீட்டுக் கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தினேன். வந்த தானியம் அத்தனையும் அதற்குள் போனது. அரிசி வாங்குவதை நிறுத்தினேன்.

அன்றைக்கு வீட்டில் நடந்த கலவரத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்புத்தான். "ஏனுங்க டீச்சரம்மா, ஊட்ல திங்கறதையே இங்கயும் திங்கோணுங்களா?" என்று கேட்டார் அந்தக் கவலை ஓட்டுகிறவர்.

"ஆமாம். இங்கே அரிசிச் சோற்றுக்கு நாக்கைப் பழக்கிவிட்டு வீட்டுக்குப் போனால் கம்பஞ்சோறு கசக்கும். கசந்தால் கால் எங்கே போகும்னு உங்களுக்கே தெரியும்."

அவர் தலையைச் சொறிந்தார். துரை நல்ல மனசோடுதான் அரிசி போட்டார். ஆனால் அந்தச் சோறு அவர்களை வீட்டுக்குத் தயார் செய்யவில்லை, விருந்தாளி ஆக்கிவைத்தது. திருந்தி வாழப் போகிற வீட்டில் என்ன உண்டோ அதைத்தான் திருந்துகிற வீட்டிலும் தின்ன வேண்டும் என்பது என் கட்சி. அதை இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை.

கம்பை அப்படியே உலையில் போட முடியாது. தண்ணீர் தெளித்து உரலில் இடித்து, உமி போகப் புடைத்து, மறுபடி இடிக்க வேண்டும். சுணை பட்டு உடம்பெல்லாம் அரிக்கும். வீட்டில் பெண் என்று இருந்தவள் நான் ஒருத்திதான். நான் உரலையும் உலக்கையையும் அவர்கள் முன்னால் தள்ளினேன். ஆம்பிளை உலக்கை பிடிப்பதா என்று ஒருவர் கோபித்துக்கொண்டு வாசல்வரைக்கும் போனார். பசி எடுத்ததும் திரும்பி வந்தார்.

இடிக்கிற நேரத்தைச் சாயங்காலத்துக்கு வைத்தேன். இதில் ஒரு கணக்கு இருந்தது. வேலை முடிந்து, வெயில் சாய்ந்து, கால் தன்னால் கடைப் பக்கம் திரும்புகிற நேரம் அது. பாட்டுப் பாடினால் வாய் மட்டும்தான் பாடும், மனசு கடையில் இருக்கும். உலக்கை பிடித்தவன் மனசு உரலைவிட்டு நகராது, நகர்ந்தால் விரல் போய்விடும். இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்த வேண்டியிருந்ததால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த மனைவிமார்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது வீடு பிழைத்துக்கொள்ளும் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

கோயிலுக்கு வராத பெண்களும் கலயம் கேட்டு வர ஆரம்பித்தார்கள். "நாங்க உங்க சாமி கும்பிடறதில்லீங்க. எங்கூட்டுக்காரரும் குடிக்கறாருங்க, அதுக்காவ ஒரு பிடி போடலாமுங்களா?" என்றாள் ஒருத்தி. தாராளமாய்ப் போடலாம் என்றேன். கமிட்டியைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அதற்கு ஒரு கூட்டம் போட்டிருப்பார்கள்.

மார்கழியில் கான்ட்ராக்டரே நேரில் வந்தார். மரியாதை தெரிந்தவர். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் பேசினார். "மரம் சும்மாதானுங்களே நிக்குது. நான் குடுக்கற காசுல நீங்க நல்லது செய்யுங்க. எனக்கும் புண்ணியமுங்க" என்றார்.

"உங்க கடைக்கு வர்ற ஆளுங்களைத்தான் நான் இங்கே நிறுத்திவெச்சிருக்கேன். உங்களுக்கு எப்படிங்க புண்ணியம்?"

அவர் கோபப்படாமல் சிரித்தார். "எத்தனை நாளைக்குங்க இந்தக் கம்பு?" என்று தொம்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் உறுத்தியது. கம்பு வயிற்றை நிரப்பும், ஆனால் கூரைக்கும் மருந்துக்கும் காசு வேண்டும். அதையும் யோசித்தேன். பனையோலையை வெட்டி வீட்டிலேயே பாயும் கூடையும் முடைந்து சந்தைக்கு அனுப்ப ஆரம்பித்தேன். பெரிய பணம் இல்லை, ஆனால் நாறாத பணம்.

தை மாதம் அறுப்புப் பண்டிகை வந்தது. கோயமுத்தூரிலிருந்து வக்கீல் ஐயா வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். பண்டிகைக்கென்று பெண்கள் அந்த மாதம் முழுவதும் சேர்த்த கம்பு, மூட்டைகளாகப் பீடத்துக்கு முன்னால் நின்றது. வருகிற இரண்டு மாதத்துக்கு வீட்டின் சோறு அது. வக்கீல் ஐயா எழுந்து போய் ஒரு மூட்டையைக் கையால் தட்டிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

ஆராதனை முடிந்ததும் ஏலம். பண்டிகைக்கு வந்த காணிக்கைப் பொருளையெல்லாம் அங்கேயே ஏலம் விட்டு, பணத்தைச் சபைக்கு வைப்பது வழக்கம். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பூசணிக்காய் போனது, வாழைத்தார் போனது, ஒரு சேவல் அதன் விலைக்கு மூன்று மடங்கில் போனது. ஏலம் கூறிக்கொண்டிருந்த சபை மூப்பர், வழக்கத்தின் வேகத்தில், அடுத்ததாகக் கம்பு மூட்டையின்மேல் கையை வைத்துவிட்டார். "கம்பு, மொத்தமாக!" என்றார்.

வாசலில் நின்றுகொண்டிருந்த கான்ட்ராக்டர் ஒரு தொகை சொன்னார். கோயில் முழுவதும் வாசல் பக்கம் திரும்பியது. குத்தகைக்குத் தருவதாகச் சொன்னாரே, அதே தொகை. அவருக்குக் கம்பு வேண்டியதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். இந்தப் பணத்தை வாங்கிக்கொண்டால் நாளைக்குப் பனைமரத்தையும் மறுக்க முடியாது. வக்கீல் ஐயா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஆசை இருந்தது, பொய் சொல்வானேன். ஒரு வருஷத்துக் கவலை அந்த ஒரு வார்த்தையில் தீர்ந்துவிடும். மூப்பர் ஒரு தரம் என்றார். நான் எழுந்து பேச வாயெடுத்தேன்.

எனக்கு முன்னால் அந்தக் கவலை ஓட்டுகிறவரின் மனைவி எழுந்துவிட்டாள். கோயிலில் பாட்டைத் தவிர வேறு ஒன்றுக்கும் வாய் திறக்காதவள்.

"அது விக்கறதுக்கு இல்லீங்க" என்றாள்.

வக்கீல் ஐயா பொறுமையாகச் சொன்னார். "அம்மா, இந்தப் பணத்துக்கு இதைப் போல இன்னும் பல மடங்கு கம்பு வாங்கலாமே."

"வாங்கலாமுங்க. ஆனா அது ஆரு கம்புன்னு அவிங்களுக்குத் தெரியாதுங்க. இது நான் போட்டதுன்னு அவிங்களுக்குத் தெரியுமுங்க. ஒவ்வொரு வாய்க்கும் தெரியுமுங்க. அதனாலதானுங்க அவிங்க இந்த மட்டும் நிக்கறாங்க." அவள் நிறுத்தவில்லை. "கள்ளுக் காசு எங்கூட்டுல இருந்து போனதுதானுங்க. அதையே திருப்பிக் குடுத்து எங்க கம்பை எடுத்துக்கிட்டா நாங்க என்னங்க பண்றது?"

வக்கீல் ஐயா மூப்பரைப் பார்த்து, "கம்பு ஏலத்துக்கு இல்லை. பனைமரமும் இல்லை. இதை இன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

ஆண்கள் பக்கத்தில் கடைசி வரிசையிலிருந்து அவள் கணவர் எழுந்து முன்னால் வந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, கான்ட்ராக்டர் விலகி வழிவிட, வாசலைத் தாண்டி வீட்டுப் பக்கம் நடந்தார். வெயிலில் அவர் பின்னாலேயே அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"பாத்துப் போங்க, சிந்தாமக் கொண்டு போங்க" என்றாள்.